எந்தத் தண்ணி

பிச்சைமுத்து சாராயம் குடித்துச் செத்தான் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவன் மனைவி சாலம்மாளிடம் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் கரும்பு வெட்டப் போகிறவள். கையில் எப்போதும் கொடுவாள் இருக்கும்.

என் பெயர் தீனதயாளன். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா எடுப்பது, வருமானச் சான்றுக்கு எழுதிப் போடுவது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது எல்லாம் என்னிடம்தான். நாலு பேர் வந்து போகிற கடை என்பதால் நாலு பேர் பேச்சும் காதில் விழும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் இல்லை.

பிச்சைமுத்து எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டராக இருந்தவன். ஊர் கோமுகி அணைக்குக் கீழே இருந்தாலும் குடிக்கிற தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். மோட்டார் போடுவான், வால்வு திறப்பான், தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவான். அவன் இருந்தவரை ஒரு குழாயிலும் புழு வந்ததில்லை. அந்த வேலைக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. சென்னையில் ஒரு ஏஜென்சிக்காரன், ஆப்பிரிக்காவில் தண்ணீர் சுத்தம் செய்கிற பிளாண்ட், அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்றதும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதே தெரு அய்யனாரையும் ஹெல்பராக இழுத்துக்கொண்டு போனான்.

எந்த நாடு என்று எழுத மாட்டேன். விசாரணை இன்னும் முடியவில்லை, பெயர் வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அங்கே அரசாங்கத்துப் படைக்கும் இன்னொரு படைக்கும் சண்டை. இரண்டும் ஒரே நாட்டு ஆட்கள், ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள். சண்டை எல்லாம் தலைநகரத்தில்தான், நீங்கள் இருக்கப்போவது வேறு பக்கம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். சொன்னவன் சென்னையில் ஏசி ரூமில் இருந்தான், அவனுக்கென்ன.

அவர்கள் அங்கே இருந்த அந்த வருஷம் ஆனி மாசம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் ஜில்லாக்காரன் எங்கே வாந்தி எடுத்தாலும் யாரும் காரணம் தேடுவதில்லை. கல்வராயன் மலையில் தேன் கிடைக்கிறது, கடுக்காய் கிடைக்கிறது, வெளியூர்க்காரன் வாயில் மட்டும் அந்த மலை வெறும் சாராய மலை. அந்தச் சூடு ஆறுவதற்குள், தீபாவளிக்கு முன்னால், பிச்சைமுத்து செத்த சேதி வந்தது. கள்ளச்சாராயம் அருந்திய மூன்று தொழிலாளர்கள் மரணம் என்று கம்பெனி எழுதியிருந்தது. கள்ளக்குறிச்சிக்காரன், கள்ளச்சாராயம். எல்லாருக்கும் பொருத்தமாக இருந்தது.

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருந்தார்கள். கருமாதி அன்றைக்கு, செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிச்சைமுத்துவின் அண்ணன் பச்சமுத்து, வடைக்கும் கறிக்கும் நடுவே ஒரு குவார்ட்டர் பாட்டிலைத் திறந்து வைத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, பாசத்தில்தான் வைத்தார். சாலம்மாள் அந்தப் பாட்டிலை எடுத்து வாசலில் வீசினாள்.

"என் புருசன் ஒரு நாளும் மோந்துகூடப் பாத்தது இல்ல. செத்தப்புறம் அவரு இலையில இத வெக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்குதா?" என்று கத்தினாள்.

துக்கத்தில் பேசுகிறாள் என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். பெண்டாட்டிக்குத் தெரிந்தா எவனும் குடிக்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அன்று முதல் அவளுக்கு ஒரே வேலைதான். அவர் குடித்துச் சாகவில்லை என்று யாராவது சொல்லவேண்டும், ஊர் அதைக் கேட்கவேண்டும்.

சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தான். அதுதான் கொடுமை. அந்த ஆள் அய்யனார். மற்ற இந்தியர்களோடு அவனையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவைத்திருந்தார்கள். வந்ததிலிருந்து டீக்கடை, பஸ், சாவு வீடு என்று ஓரிடம் விடாமல், "அண்ணன் குடிக்கலங்க, அது காஸு, வெசக் காஸு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அய்யனார் ஊரறிந்த குடிகாரன். சாயங்காலத்தில் அவன் நேராக நின்று பார்த்தவர்கள் கம்மி. குடிக்காதவனுக்குக் குடிகாரன் சாட்சி என்றால் எவன் கேட்பான்? சிரித்தார்கள்.

அதற்கு மறு வருஷம் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிற வக்கீல் செந்தமிழ்ச்செல்வி என் கடைக்கு வந்தார். ரசாயன ஆயுதம் பயன்படுத்தினார்களா என்று விசாரிக்கிற ஒரு சர்வதேசக் குழு, அய்யனாரிடம் வீடியோவில் பேச விரும்புகிறதாம். அந்த நாட்டுக்குள் அவர்களை விடவில்லை. அதனால் அங்கிருந்து தப்பி வந்தவர்களைத் தேடித் தேடிப் பேசுகிறார்கள். நல்ல இன்டர்நெட்டும் கதவு சாத்துகிற மாதிரி ஓர் அறையும் வேண்டும் என்றார். என் கடைக்குப் பின்னால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற அறை இருக்கிறது. கதவு உண்டு. சுவர்தான் பிளைவுட்.

சாட்சியைத் தவிர உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று விதி. சாலம்மாள் அன்று வேலைக்குப் போகாமல், துவைத்த சேலை கட்டி, நேரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒரு வார்த்தை கேக்கணும்ங்க. எங்கூட்டுக்காரரு குடிச்சாரா இல்லியான்னு அவங்கதான் சொல்லணும். வெள்ளக்காரங்க சொன்னா இந்த ஊரு நம்பும்" என்றாள்.

"அவங்க அதுக்கு வரல சாலம்மா. காஸ் வந்துச்சா, எப்படி வந்துச்சி, அத மட்டும்தான் கேப்பாங்க" என்றார் வக்கீலம்மா. சொல்லிவிட்டு ஹியரிங் இருக்கிறது என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

நான் அய்யனாரை உள்ளே உட்காரவைத்து, கேமராவைச் சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். குண்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒரு காது மந்தம். ஹெட்போன் ஆகாது என்று ஸ்பீக்கர் வைத்திருந்தேன். ஆக, ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் சாலம்மாளுக்கும் எல்லாம் கேட்டது. விதியை நான் மீறவில்லை, பிளைவுட்தான் மீறியது.

திரையில் இரண்டு பேர். கேள்வி கேட்கிறவர் நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா, வெள்ளைக்காரர். மொழிபெயர்ப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிறார்.

"வணக்கம். இவை கேக்கிறதை நான் தமிழில சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அவைக்குச் சொல்லுவன். எனக்கெண்டு ஒண்டும் கேக்க மாட்டன், சொல்ல மாட்டன். விளங்குதோ?" என்றார்.

"வெளங்குதுங்க" என்றான் அய்யனார். அவனும் அன்று சுத்தமாக இருந்தான். சட்டையில் பட்டன் எல்லாம் போட்டிருந்தான்.

அவன் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சம்பவத்துக்கு முந்தின வாரம் துப்பாக்கிக்காரர்கள் லாரியோடு பிளாண்டுக்குள் வந்தார்கள். தண்ணீரில் கலப்பதற்கு வைத்திருந்த குளோரின் சிலிண்டர்கள், ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான மஞ்சள் சிலிண்டர்கள், எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார்கள். கிரேனை இயக்கியதே பிச்சைமுத்துவும் அய்யனாரும்தான். கம்பெனிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள், மத்தியானத்துக்கு மேல் குண்டு விழ ஆரம்பித்தது. எல்லாரும் தரைக்கு அடியில் இருந்த வால்வு ரூமுக்கு ஓடினார்கள்.

"நீங்கள் ஏன் கீழ போகேல்ல?"

"நான் தண்ணித் தொட்டி மேல இருந்தங்க."

"அங்க என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

அய்யனார் கொஞ்சம் தயங்கினான். சிக்னலுக்காக ஏறினேன் என்று சொல்லு என்று ஊரில் இரண்டொருவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"குடிச்சிக்கினு இருந்தங்க" என்றான். "அங்க கடை கெடையாது. பேரீச்சம்பழத்துல காச்சுவாங்க. அண்ணனுக்கு அந்த வாசனையே ஆவாது. ரூமுக்குள்ள வெச்சா தூக்கி எறிஞ்சிடுவாரு. அதனால மேல ஏறிடுவன். குண்டு உளுந்தப்ப எறங்கிடலாம்னு பாத்தன். காலு நிக்கல. அப்டியே படுத்துட்டன்."

சாலம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. அண்ணனுக்கு வாசனையே ஆகாது என்று இங்கிலீஷிலும் போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா.

டாக்டரம்மா ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதா என்று மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கேட்டது என்றான். அந்த நாட்டில் ஹெலிகாப்டர் ஒரு பக்கத்துப் படையிடம்தான் இருக்கிறது என்று வக்கீலம்மா பிறகு சொன்னபோதுதான் சிலிண்டரைப் போட்டது யார் என்ற அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

"என்ன மணம் வந்தது?"

"நம்ம ஊர்த் தொட்டிக்குப் போடற பவுடர் மூட்டைய அவுத்தா மூக்குல ஏறும் பாருங்க, அதேதான். ஆனா கண்ண தொறக்க முடியல. மேல இருந்த எனக்கே அப்டி. கீழ பாத்தா மஞ்சளும் பச்சையுமா ஒரு பொகை. பொகைன்னா மேல போவணும்ல? இது வாய்க்கால்ல தண்ணி பாய்ற மாதிரி தரையோட வந்துச்சிங்க. வந்து நேரா படியில எறங்குச்சி. அண்ணன் இருந்த ரூமுக்கு."

யாழ்ப்பாணத்து அம்மா அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் ஆரம்பித்தார்.

மேலே இருந்தவன் பிழைத்தான். குண்டுக்குப் பயந்து எல்லாரையும் போலக் கீழே போனவர்களில் மூன்று பேரை, மூச்சு முட்ட மேலே ஏறித் தப்பிய மற்றவர்கள் இழுத்து வந்து முற்றத்தில் போட்டார்கள். பிச்சைமுத்து, வங்காளதேசத்து ரஃபீக், நேபாளத்துக்காரர் ஒருவர். அய்யனார் எப்படியோ இறங்கி அவர்களிடம் போய்ச் சேர்ந்தான்.

"அப்ப அவருக்குக் கதைக்க ஏலுமாய் இருந்ததோ?"

"பேசுனாருங்க. மூச்சுதான் இழுத்துச்சி. வாயில நுரை."

டாக்டரம்மா தன் குறிப்பைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அவரும் தண்ணி குடிச்சவரோ?" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"ஆமாங்க" என்றான் அய்யனார். "குடிச்சாரு. நான்தான் குடுத்தன். இன்னும் குடுறா, இன்னும் குடுறான்னாரு. மூணு பேருக்கும் நான்தான் குடுத்தன்."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னபோது ஆல்கஹால் என்ற வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது. சாலம்மாளுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. ஸ்டூல் உருண்டது. நான் பிடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அடப்பாவி! ஒரு வருசமா என் வூட்டு வாசல்ல வந்து சத்தியம் பண்ணினியேடா! நீயே ஊத்திக் குடுத்தியா? நீயே குடுத்துட்டு, குடிக்கலன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சியா?"

"ஆர் அது? வேற ஆளை உள்ள விடக் கூடாது எண்டு சொன்னனாங்கள்" என்றது ஸ்பீக்கர்.

அய்யனார் எழுந்து நின்றுவிட்டான். "அண்ணி, இன்னா சொல்றீங்க? தாகம், தாகம்னாரு. சாவுற மனுசனுக்குத் தண்ணி குடுத்தது ஒரு தப்பா?"

"எந்தத் தண்ணிடா?"

"இன்னா எந்தத் தண்ணி? பிளாண்ட் தண்ணிதான். குடிக்கிற தண்ணி. கேன்ல இருந்துச்சி."

திரையில் யாழ்ப்பாணத்து அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குளத்தில் இருப்பதும் தண்ணி, கடையில் விற்பதும் தண்ணி என்று ஆக்கி வைத்திருக்கிறோமே, நம்மை என்ன சொல்வது. அவர் நிதானப்பட்டு டாக்டரம்மாவிடம் நீளமாக ஏதோ விளக்கினார். பிறகு எங்களைப் பார்த்து, "பிழை என்ர பிழை. நான் மாறி விளங்கீட்டன். திருத்திச் சொல்லீட்டன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. விதியாவது ஒன்றாவது என்று நானும் உள்ளே போனேன்.

"அய்யனாரு, இவங்க செத்துட்டாங்கன்னு கம்பெனிக்கு யார்டா சொன்னது?"

"நான்தாங்க. தமிழ் பேசற சூப்பர்வைசர் ஒருத்தரு, துபாய்லர்ந்து போன் பண்ணாரு. லைன் வுட்டு வுட்டு வந்துச்சி."

"அவரு இன்னா கேட்டாரு?"

"குடிச்சானுங்களாடான்னாரு. ஆமா சார், தண்ணி குடிச்சாங்க, வாந்தி எடுத்தாங்க, மூணு பேரும் போய்ட்டாங்கன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். நாக்குக் குழறக் குழற அவன் அன்றைக்குப் பேசியிருப்பான். அந்த ஆளுக்குக் கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரும் தெரியும், ஆனி மாசச் செய்தியும் தெரியும். தங்கள் பிளாண்டிலிருந்து குளோரின் போனதை மறைக்க வேண்டிய கம்பெனிக்கு அந்த ஒரு வார்த்தை லட்டு மாதிரி கிடைத்திருக்கிறது. எழுதிவிட்டார்கள்.

அய்யனார் சுவரில் சாய்ந்து, "நான்தானா? நான்தான் சொன்னனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. சாலம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். அந்தக் காற்று நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் வெந்துபோகும், அதிலிருந்து நீர் ஊறி ஊறி நிரம்பி மூச்சு அடைத்துவிடும், குடித்த தண்ணீரால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை, கொடுத்தது நல்ல காரியம் என்றார். மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து யோசித்துச் சொன்னார். தண்ணீர் என்ற இடத்தில் எல்லாம் குடிதண்ணீர் என்றார்.

சாலம்மாள் திரையைப் பார்த்துக் கை கூப்பினாள். "அப்ப அத எழுதச் சொல்லுங்கம்மா. பிச்சைமுத்து குடிச்சி சாவலன்னு, பேரு போட்டு."

மொழிபெயர்ப்பவர் டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொன்னார். "அறிக்கையில ஒருத்தற்ற பேரும் வராது. பாதுகாப்புக்காக. இத்தினையாம் சாட்சி, இத்தினை தொழிலாளர் எண்டுதான் வரும்."

"செத்தவருக்கு இன்னாம்மா பாதுகாப்பு?"

அதை அவர் இங்கிலீஷில் சொல்லவில்லை. முடிக்கும் நேரத்தில், விதிப்படி சொல்லக் கூடாத ஒன்றை அவரே சொன்னார். "அம்மா, எங்கட ஊரிலயும் செல் விழுந்தால் பங்கருக்குள்ளதான் ஓடுறனாங்கள். கீழ போனால் தப்பலாம் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். உங்கட மனுசன் செய்ததில ஒரு பிழையும் இல்ல." திரை கறுத்தது.

அறிக்கை தை மாசம் வந்தது. நானே டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுத்தேன். குளோரின் பயன்படுத்தப்பட்டது என்று நம்ப நியாயமான ஆதாரங்கள் உள்ளன, மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இறந்தனர் என்று இருந்தது. யார் போட்டார்கள் என்று இல்லை. அதைச் சொல்வது இன்னொரு குழுவின் வேலையாம், அந்தக் குழுவை இனிமேல்தான் அமைக்க வேண்டுமாம். உலகத்துப் பெரிய சபை கூடியது. ஒருவர் ஆழ்ந்த கவலை தெரிவித்தார், இன்னொருவர் வன்மையாகக் கண்டித்தார். தீர்மானம் என்று வந்தபோது ஒரு பெரிய நாடு கையைத் தூக்கி வேண்டாம் என்றது, அதோடு முடிந்தது. அந்த நாட்டு அரசாங்கம், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, தொழிலாளர்கள் சாராயத்தில் செத்தார்கள் என்று கம்பெனி எழுதியதையே எடுத்துக் காட்டியது. அய்யனாரின் அரைகுறை வாக்கியம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது பாருங்கள்.

சாலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தச் சபை எழுதலன்னா போவுதுங்க. நம்ம சபை எழுதுமா?"

"எந்தச் சபை?"

"கிராம சபைதான். ரோடு இல்லன்னா எழுதறாங்க, சாக்கட அடச்சிக்கிச்சின்னா எழுதறாங்க. இத எழுத மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பங்குனியில் உலகத் தண்ணீர் நாளுக்கான கிராம சபை. தண்ணீர் நாளில் தண்ணிப் பஞ்சாயத்து என்று நானே நினைத்துக்கொண்டேன். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா. தலைவர் பாப்பாத்தி நடுவில், செயலர் தமிழ்வேந்தன் பக்கத்தில். மழைநீர் சேகரிப்பு, குழாய் இணைப்பு எல்லாம் வாசித்து முடித்ததும் சாலம்மாள் எழுந்து விஷயத்தைச் சொன்னாள்.

"இது பொதுப் பிரச்சனை இல்லியேம்மா. உன் சொந்தப் பிரச்சனை. இதுக்கு ரூல் இல்ல" என்றார் தமிழ்வேந்தன்.

"ஊரே பேசுதுல்ல? அப்ப பொதுதான்."

பாப்பாத்தி அம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. "பேசட்டும்யா. யாரு சாட்சி?" என்றார்.

அய்யனார் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான். அந்த வீடியோ நாளுக்குப் பிறகு சாலம்மாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் அவள் தெருப் பக்கம் வரவில்லை. முன்னால் வரச் சொன்னார்கள். வரும்போதே ஒருவன், "இன்னிக்கு எந்தத் தண்ணிடா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க" என்றான் அய்யனார். "நான் குடிகாரன்தான். அன்னிக்கும் குடிச்சிருந்தன், அதான் கீழ எறங்க முடியல, பொழச்சன். அண்ணன் குடிக்கல. நல்லா நடக்கற காலு, நேரா எறங்கிப் போனாரு. கடைசியா அவரு குடிச்சது நான் குடுத்த குடிதண்ணி. அத போன்ல நான் சொன்ன சொல்லு சாராயமாப் போச்சி. அவரு மேல ஏறுன பழிய ஏத்துனது வேற யாரும் இல்ல, நான்தான்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

தமிழ்வேந்தன் எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'பிச்சைமுத்து என்பவர் தண்ணி குடித்து இறக்கவில்லை' என்று இருந்தது.

"அய்யா சாமி, திரும்பவும் தண்ணியா!" என்று நான் கத்தினேன். அவர் அதை அடித்துவிட்டு, 'மது அருந்தியதால் இறக்கவில்லை, போரில் வீசப்பட்ட நச்சுக் காற்றினால் இறந்தார்' என்று எழுதி உரக்க வாசித்தார்.

பாப்பாத்தி அம்மா, "சரியாம்மா? கைய தூக்கச் சொல்லலாமா?" என்றார்.

சாலம்மாள், "இருங்க" என்றாள். "மூணு பேரையும் எழுதுங்க."

"எந்த மூணு பேரு?"

"கூடச் செத்தாங்கல்ல, அந்த ரெண்டு பேரும். இவன் போன்ல சொன்னது மூணு பேரையும்தான்."

தமிழ்வேந்தன் பேனாவை வைத்துவிட்டார். "அவங்க நம்ம ஊராட்சி இல்லம்மா. நம்ம நாடே இல்ல."

"அவங்க பொண்டாட்டிங்க எந்த ஊராட்சியில போய்க் கேப்பாங்க? குடிச்சி செத்தவன் பொண்டாட்டின்னு அவங்க ஊர்லயும் சொல்லிக்கினுதான இருப்பாங்க? எனக்காவது எடுத்துச் சொல்ல ஒரு அய்யனாரு இருக்கான். அவங்களுக்கு யாரு இருக்கா?"

பாப்பாத்தி அம்மா செயலரைப் பார்த்து எழுது என்று தலையாட்டினார்.

"பேரு?" என்று கேட்டார் தமிழ்வேந்தன்.

"ஒருத்தரு ரஃபீக்குங்க" என்றான் அய்யனார். "இன்னொருத்தர பகதூர்னு கூப்டுவோம். நேபாளத்துக்காரங்க எல்லாரையும் அப்டித்தான் கூப்டுவோம். நெஜப் பேரு கேட்டதே இல்ல."

தமிழ்வேந்தன் கொஞ்சம் யோசித்து, 'நேபாளத்தைச் சேர்ந்த ஒருவர்' என்று எழுதினார். முழுவதையும் மறுபடி வாசித்தார். பாப்பாத்தி அம்மா கையைத் தூக்கச் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் தூக்கினார்கள், பச்சமுத்து தூக்கினார், நான் தூக்கினேன். பின்னால் நின்றிருந்த ஆண்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

அய்யனார் மட்டும் தூக்காமல் நின்றான். "அண்ணி, நான் தூக்கலாமா?" என்று கேட்டான்.

"நீதான்டா மொதல்ல தூக்கியிருக்கணும்" என்றாள் சாலம்மாள்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான்பா" என்றார் தமிழ்வேந்தன். அய்யனார் கைகளை இறக்கவில்லை.